கடைசிக் கம்பத்திலிருந்து கணினி அறை வரை

பள்ளிக்கு நெட் எடுக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது, “எத்தனை எம்பிபிஎஸ், மாசம் எவ்வளவு?” என்றுதான். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் தீவு, இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் நம் கரையில் அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். முதலில் கேட்க வேண்டியது: தெருவில் நிற்கும் கடைசிக் கம்பத்திலிருந்து உங்கள் கணினி அறை வரை என்ன கேபிள் வருகிறது, எதில் கட்டியிருக்கிறது, கரண்ட் போனால் அந்தப் பக்கம் என்ன ஆகும்?

கணக்கு எளிது. மாதம் 700 ரூபாய் இணைப்பு, 22 வேலை நாளில் 10 நாள் செத்துக் கிடந்தால் வேலை செய்த நாளுக்கு 58 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் இணைப்பு 21 நாள் ஓடினால் நாளுக்கு 48 ரூபாய். மலிவு எது என்பதை ரசீது சொல்லாது, வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுதான் சொல்லும்.

எவ்வளவு வேகம் தேவை

20 கணினி உள்ள ஹைடெக் லேபை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பிள்ளைகளும் தனித்தனியாக வீடியோ பார்த்தால், 720பி தரத்தில் ஒரு கணினிக்குச் சுமார் 2.5 எம்பிபிஎஸ் ஆகும். 20 கணினிக்கு 50. இரண்டு ஸ்மார்ட் வகுப்பறைகளில் 1080பி ஓடினால் இன்னொரு 10. அலுவலகம், ஆசிரியர்களின் டேப்லட், போன் எல்லாம் சேர்த்து 10 வைத்தால் மொத்தம் 70. ஆக, 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒழுங்காக வந்தால் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தாராளம். ஒரே ஸ்மார்ட் வகுப்பறை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 30 போதும். 300 எம்பிபிஎஸ் வாங்கி, உள்ளே ஒரே ஒரு வீட்டு வைஃபை ரூட்டரை மாட்டுவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம்.

வேகத்தைவிடக் கவனிக்க வேண்டியது மாத அளவு. 40 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 18 ஜிபி. தினம் 2 மணி நேரம், 22 நாள் என்றால் 792 ஜிபி. “அன்லிமிடெட்” என்று எழுதியிருக்கும் பல பிளான்களில் ஓர் அளவுக்குப் பிறகு வேகம் சில எம்பிபிஎஸ்ஸாக இறங்கிவிடும். மாதக் கடைசி வாரத்தில் நெட் இழுக்கிறது என்றால் பாதி நேரம் காரணம் இதுதான். அந்த அளவு எத்தனை ஜிபி, தாண்டினால் வேகம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலையைப் பேசும்போது 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பேசுங்கள். 699 ரூபாய் என்று சொன்னது பில்லில் 825 ஆகி நிற்கும்.

காலையில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு ஏறவில்லை என்று இணைப்பைத் திட்டுவோர் உண்டு. வருகைப்பதிவுக்குத் தேவைப்படும் டேட்டா மிகக் குறைவு. கூகுள் திறக்கிறது, எமிஸ் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அந்த நெரிசல் சர்வர் பக்கம். அதற்கு நீங்கள் எவ்வளவு பெரிய பிளான் வாங்கினாலும் பயனில்லை.

லைன் எங்கிருந்து வருகிறது

ஊராட்சி வரைக்கும் கண்ணாடி இழை கொண்டுவரும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டில் நடத்துவது டான்பிநெட் என்ற மாநில அரசு நிறுவனம். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் என்பது அதன் இலக்கு. 2025 மத்திய பட்ஜெட்டில், ஊரகப் பகுதி அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பாரத்நெட் வழியாக பிராட்பேண்ட் என்று அறிவித்திருக்கிறார்கள். நம் கரையில் பாதிரிமார் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளும், ஜமாஅத், அறக்கட்டளைப் பள்ளிகளும் நிறைய. அவற்றுக்கும், மாலை நேர டியூஷன் மையங்களுக்கும் அந்த அறிவிப்பில் இடமில்லை. பிஎஸ்என்எல், தனியார் நிறுவனம், உள்ளூர் கேபிள்காரர் ஆகிய மூவரில் ஒருவரைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும்.

யாரிடம் எடுத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். இணைப்பு கொடுப்பவரின் அறையில் இருக்கும் ஓஎல்டி என்ற பெட்டியிலிருந்து ஒளி கிளம்பி, ஸ்ப்ளிட்டரில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிந்து, உங்கள் சுவரில் இருக்கும் ஓஎன்டி என்ற சிறு பெட்டிக்கு வருகிறது. ஓஎல்டியில் இழை கிளம்பும் வாய்க்கு ஜிபான் போர்ட் என்று பெயர், அதன் மொத்த வேகம் 2.5 ஜிபிபிஎஸ். அதை அந்தப் பிரிவில் உள்ள வீடுகளும் பள்ளியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பள்ளிக்கூட நேரத்தில் வீடுகளில் கூட்டம் குறைவு என்பது நமக்குச் சாதகம். எனவே யாரோடும் பங்கு போடாத, ஆனால் விலை பல மடங்கு அதிகமான லீஸ்டு லைன் பள்ளிக்கு வேண்டியதில்லை. ஆன்லைன் தேர்வு மையமாக இயங்கும் கல்லூரிகள் வேண்டுமானால் அதை யோசிக்கலாம்.

இனி ஒளிக் கணக்கு. கேபிள்காரர் வந்து மாட்டிவிட்டுப் போகும் அன்றே பார்க்க வேண்டிய எண் இது. டிபிஎம் என்பது ஒளியின் வலு, டெசிபல் என்பது வழியில் கழியும் அளவு. ஓஎல்டியிலிருந்து +3 டிபிஎம் கிளம்புகிறது என்று வைப்போம். 32 பிரிவுக்கு 17.5 டெசிபல் கழியும். 8 கி.மீ. இழைக்கு, கி.மீ.க்கு 0.35 வீதம், 2.8. நான்கு கனெக்டர்களுக்கு 1.2. இழையோடு இழையை உருக்கி ஒட்டிய ஆறு ஸ்ப்ளைஸுக்கு 0.6. மொத்தம் 22.1 கழிந்து, உங்கள் ஓஎன்டிக்கு வந்து சேர்வது -19 டிபிஎம். ஓஎன்டி -27 வரை தாங்கும். அதாவது 8 டெசிபல் கையிருப்பு. ஓஎன்டியின் செட்டிங் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்ற இடத்தில் இது தெரியும். -15க்கும் -24க்கும் இடையில் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். -25க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு ஓடும், முதல் மழையில் நிற்கும். திருத்திக் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள்.

அந்த 8 டெசிபல் கையிருப்பைத் தின்பவை எவை? முதலாவது, பச்சை முனை கனெக்டரையும் நீல முனை கனெக்டரையும் ஒன்றில் ஒன்று செருகுவது. பச்சைக்குச் சாய்வெட்டு, நீலத்துக்கு நேர்வெட்டு. இரண்டும் முகம் பொருந்தாது, சில டெசிபல் அங்கேயே போய்விடும். இரண்டாவது, கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர். உப்பும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் அது தளர்ந்துகொண்டே வரும். வாசலில் ஒரு சிறு டெர்மினேஷன் பெட்டி வைத்து, உருக்கி ஒட்டிய பிக்டெயில் (கனெக்டரோடு வரும் சிறு இழைத் துண்டு) போடச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவு, கொடுக்கத்தக்க செலவு. மூன்றாவது, மீந்த கேபிளைச் சுருட்டி ஆணியில் இறுக்கிக் கட்டுவது. சாதாரண இழையை மூன்று செ.மீ. ஆரத்துக்குள் மடக்கினால் ஒளி கசியும். வளைவு தாங்கும் ஜி.657 வகை கேபிளைக் கேட்டே வாங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கம்பத்தில் ஆடி ஆடித் தளர்ந்த சுருள், இறுகிய முடிச்சாகி நிற்பதும் இந்த வகைக் கோளாறுதான். நான்காவது அழுக்கு. கனெக்டர் முனையை விரலால் தொட்டால் எண்ணெய் ஒட்டும், அதில் உப்புத்தூசி உட்காரும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சு உதிராத துணி போதும். சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

கம்பத்திலிருந்து பள்ளிக்கு வரும் டிராப் கேபிளில் இரண்டு வகை உண்டு: தாங்குகம்பி இரும்பாக இருப்பது, எஃப்ஆர்பி என்ற கண்ணாடிநார்க் குச்சியாக இருப்பது. கடலோரத்தில் இரும்புக்கம்பி துருப்பிடித்து அறுந்து தொங்கும். இடி விழுந்தால் மின்னலைச் சுவர் வரை கூட்டி வருவதும் அதே கம்பிதான். எஃப்ஆர்பி கேளுங்கள். கிடைக்காவிட்டால், சுவருக்கு ஒரு மீட்டர் முன்பே அந்தக் கம்பியை வெட்டி, இழையை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். பனைமட்டை உரசும் பாதையையும், கருவேலங்காட்டில் மூட்டம் போட்டு எரிக்கும் இடத்தையும் தவிர்த்து இழுப்பது நல்லது. அணில் கடிப்பதைத் தடுக்க வழி குறைவு. கூரை ஓரத்தில் ஓடும் பகுதியைப் பிவிசி பைப்புக்குள் விட்டால் பாதி தப்பிக்கும்.

கரண்ட்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் காலையில் தொடங்கி மாலை வரைக்கும். அதாவது பள்ளி நேரம் முழுக்க. லேப் கணினிகளை அன்றைக்கு ஓட்ட முடியாது. ஆனால் இணைப்பை மட்டும் உயிரோடு வைத்திருந்தால் ஆசிரியர்களின் டேப்லட்டும் அலுவலக மடிக்கணினியும் வேலை செய்யும்.

ஓஎன்டி, ரூட்டர், ஒரு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் மூன்றும் சேர்ந்து 25 வாட் என்று வையுங்கள். 8 மணி நேரத்துக்கு 200 வாட்-மணி. கடையில் கொடுக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் லெட் பேட்டரியில் 84 வாட்-மணி, அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி ஒரு வருடம்கூட நிற்காது. ஆக அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. 12.8 வோல்ட் 20 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 256 வாட்-மணி, அதில் 80 சதவீதம் எடுத்தால் ஒரு பள்ளி நாள் ஓடும். பேட்டரியை நேராக ஓஎன்டியில் செருகாதீர்கள். சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகும், சில ஓஎன்டிகள் அதில் கருகிவிடும். நடுவில் ஒரு 12 வோல்ட் டிசி ரெகுலேட்டர் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு கரண்ட் போனதும் நெட்டும் போகிறதா? ஓஎன்டி விளக்கைப் பாருங்கள். இழை இணைப்பைக் காட்டும் பான் விளக்கு நிலையாக எரிந்தால் ஓஎல்டி உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. கரண்ட் போன மறுநிமிடம், ஒளி வரவில்லை என்று சொல்லும் லாஸ் விளக்கு சிவப்பாகிறது என்றால் கேபிள்காரரின் அறையில் கரண்ட் இல்லை. நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை, எனவே பழியை அதன் மேல் போட முடியாது. இணைப்பு எடுக்கும் முன் கேட்க வேண்டியது: “உங்க ஓஎல்டி எங்கே இருக்கு? பேட்டரி எத்தனை மணி நேரம்?” ஊராட்சிக் கட்டடத்தில் இருக்கும் பாரத்நெட் பெட்டிக்கும் இதே கேள்வி, கூடவே இன்னொன்று: அந்த அறைச் சாவி யாரிடம்? பூட்டிய அறைக்குள் பிளக் கழன்று கிடப்பதைவிட நீண்ட இணையத் தடை எதுவும் கிடையாது.

மின்பாதையின் கோடியில் இருக்கும் கிராமங்களில் மாலையில் வோல்டேஜ் 170க்கு இறங்கும். அடாப்டரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் அதற்கு அது ஒரு பொருட்டில்லை. 220-240 என்று மட்டும் போட்ட மலிவு அடாப்டரை மாற்றிவிடுங்கள்.

உப்பு

வெளியே மாட்டும் எந்த இரும்பும் நம் கரையில் கணக்கு வைத்துக்கொண்டு கரையும். ஜிங்க் பூசிய சாதாரண போல்ட் ஒரே வருடத்தில் பூப்பூத்துவிடும். எஸ்எஸ் 304 நல்லதுதான், ஆனாலும் கடற்காற்றில் அதிலும் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 316 கிடைத்தால் அதுவே சரி. கம்பத்துக்கு ஹாட் டிப் ஜிஐ பைப், அதன் வாயை மூடியால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும்.

வெளியே போகும் ஈதர்நெட் கேபிளில், டேட்டாவோடு சேர்ந்து வெளிப் பெட்டிக்கான மின்சாரமும் (பிஓஇ) ஓடுகிறது. உப்பு ஈரம் பட்ட செப்பு முனையில் மின்சாரமும் இருந்தால் களிம்பு வேகமாக ஏறும். முதலில் வேகம் 1000லிருந்து 100க்கு இறங்கும், பிறகு அடிக்கடி விட்டு விட்டு வரும், கடைசியில் நிற்கும். முனையைச் செருகும் முன் ஈரத்தைத் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு பொட்டு, வெளியே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைத் தாழ விட்டு மேலே ஏற்றும் ஒரு சொட்டு வளைவு. தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு கேபிள் இந்தக் காற்றில் ஒரு பருவம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

அறைக்குள் வைக்கும் சுவிட்ச்சில் காற்றாடி இல்லாத வகையை எடுங்கள். காற்றாடி, கடற்காற்றை உள்ளே இழுத்துச் சர்க்யூட் பலகைமேல் உப்பைப் படிய வைக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே, கருவிகளை அடுக்கும் ரேக் வைப்பதும் அதே தவறுதான்.

எர்த்திங்கில் ஒரு விசித்திரம். உவர் மண்ணில் எர்த் தடை எளிதாகக் குறையும், 5 ஓமுக்குள் கொண்டுவர அதிகம் பாடுபட வேண்டாம். அதே உவர் மண் ஜிஐ பைப்பைச் சில வருடங்களில் தின்றுவிடும். மேலே பார்த்தால் எர்த் இருக்கும், கீழே இருக்காது. செம்பு பூசிய கம்பி போட்டு, வருடத்துக்கு ஒரு தரம், ஐப்பசி மழைக்கு முன், மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இழை வராத குக்கிராமம்

மெயின் ரோட்டுப் பள்ளிக்கு இழை வந்திருக்கும், 5 கி.மீ. தள்ளிக் கடலோரத்தில் உள்ள அதே நிர்வாகத்தின் தொடக்கப் பள்ளிக்கு வந்திருக்காது. இழை இழுக்க ஆள் வரும் வரைக்கும் இரண்டு பள்ளியிலும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடி ஒரு வழி. 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் உரிமம் தேவையில்லை, வெளியேறும் மொத்தத் திறன் 36 டிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அலையைக் குவித்து 23 டெசிபல் ஆதாயம் கொடுக்கும் டிஷ் போட்டால் ரேடியோவை 13 டிபிஎம்மில் வைக்க வேண்டும். ரேடியோவின் அமைப்பில் நாட்டை ‘இந்தியா’ என்று தேர்ந்தெடுத்தால் அதுவே கட்டுப்படுத்தும். 5 கி.மீ. தூரத்தைக் காற்றில் கடப்பதிலேயே கழியும் வெற்றுவெளி இழப்பு 122 டெசிபல். மறுமுனை டிஷ்ஷின் ஆதாயத்தையும் சேர்த்தால் -63 டிபிஎம் வர வேண்டும். -66 வந்தாலும் ஏற்கலாம். -75 என்றால் ஏதோ மறைக்கிறது, அல்லது டிஷ் எதிர்முனையின் நடுக் கற்றையை விட்டு, ஓரத்தில் சிதறும் பக்கவாட்டு மடலைப் பிடித்து நிற்கிறது. பிந்தையது ரொம்பச் சாதாரணம். ஒரு திசையில் சிக்னல் வந்ததும் இறுக்கிவிடாமல், இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து உச்சத்தில் நிறுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. நடுவழியில் அலை 8 மீட்டர் ஆரத்துக்குப் பரவி நிற்கும், அதில் 60 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 5 மீட்டர், மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். கருவேலம் 6 மீட்டர் என்றால், பூமியின் வளைவையும் சேர்த்து, இரண்டு முனையிலும் சுமார் 11.5 மீட்டர் உயரம் தேவை. பனை அதையும் மீறி நிற்கும். பனையைத் தாண்ட உயர்த்துவது வீண் செலவு, கம்பத்தைப் பக்கவாட்டில் சில மீட்டர் நகர்த்தினால் பெரும்பாலும் இடைவெளி கிடைத்துவிடும். பனையை வெட்டச் சொல்வோரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கரை வளைந்த இடத்தில் கதை மாறும். அலை கடலுக்கு மேலே போகும்போது நேரே வருவது ஒன்று, தண்ணீரில் பட்டுத் தெறித்து வருவது ஒன்று. இரண்டும் எதிரெதிராகச் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 5 கி.மீ.க்கு இரண்டு முனையும் 11.4 மீட்டரில் இருந்தால் சரியாக அந்தக் குழியில் விழும். 8 மீட்டரில் இருந்தால் இரண்டும் கைகோத்து சிக்னல் கூடும். ‘உயரம் கூடினால் நல்லது’ என்ற பொதுப்புத்தி இங்கே பலிக்காது. காலையில் நன்றாக இருந்து, வற்றும் பெருக்கும் மாறும்போது சிக்னல் ஏறி இறங்கினால், ஒரு முனையை மட்டும் ஒன்றரை மீட்டர் இறக்கிப் பாருங்கள்.

உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் உயரமான கம்பம் நடுவதற்கு முன் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்பத்துக்கு மூன்று திசையிலும் இழுகம்பி, கேபிளின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மின்னல் அதிர்வைத் தாங்கும் சர்ஜ் புரொடெக்டர். 24 வோல்ட் பாசிவ் பிஓஇ ரேடியோவை, கேட்காமலே மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பாசிவ் சுவிட்ச்சில் செருகி எரிப்பதும் நடக்கிற விஷயம்தான். ஒவ்வொரு அடாப்டரிலும் எத்தனை வோல்ட் என்று பெயிண்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

சிம் ரூட்டர்

மாற்று இணைப்பாக 4ஜி, 5ஜி நல்லது. ஒரே இணைப்பாக இதை நம்பலாமா என்றால், ராமேஸ்வரம் தீவில் கூடாது என்பதே பதில். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் லட்சக்கணக்கானோர் வந்து இறங்கும்போது அதே டவரைத்தான் உங்கள் பள்ளியும் பங்கு போடும்.

ரூட்டர் காட்டும் ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னலின் வலு) எண் -90க்கு மேலே என்றால் நன்று, -110க்குக் கீழே என்றால் இடத்தை மாற்றுங்கள். மொட்டைமாடியில் ஆன்டெனாவை மாட்டி, 10 மீட்டர் மெல்லிய ஆர்ஜி 58 கேபிளில் கீழே கொண்டுவந்தால், ஆன்டெனா சேர்த்துக் கொடுத்ததை கேபிள் சாப்பிட்டுவிடும். ரூட்டரே உள்ளடங்கிய வெளிப்புறப் பெட்டியை மாடியில் வைத்து, ஈதர்நெட் கேபிளைக் கீழே இறக்குவதே முறை. தனுஷ்கோடிப் பக்கம் இருப்பவர்கள் சிம்மில் ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். சில நேரம் இலங்கை டவர் நம்முடையதைவிட ஓங்கி அடிக்கும்.

வளாகத்துக்குள்

லேப் கணினிகளுக்கு வைஃபை வேண்டாம், கம்பி இழுங்கள். 20 கணினிக்குச் சராசரி 12 மீட்டர் என்றால் 240 மீட்டர், 305 மீட்டர் கேட்6 பெட்டி ஒன்று போதும். 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று. வைஃபை, வகுப்பறைக்கும் ஆசிரியர் அறைக்கும் மட்டும்.

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செப்புக் கேபிள் கூடவே கூடாது. தூரம் 90 மீட்டருக்குள் இருந்தாலும் கூடாது. பக்கத்தில் இடி இறங்கும்போது இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்து, கேபிள் வழியே இரண்டு முனை சுவிட்ச்சையும் சேர்த்து எரிக்கும். எஃப்ஆர்பி கண்ணாடி இழை ஒன்று, இழையின் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு. ஒற்றை இழையில் ஓடும் கன்வெர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாக வரும், ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பினால் மற்றது 1550இல் அனுப்பும். இரண்டு ஏ வாங்கி வந்து “லைன் சரியில்லை” என்று சொல்வது அடிக்கடி நடக்கும்.

ரூட்டரில் கியூ (டேட்டாவை வரிசைப்படுத்திப் பங்கிடும் அமைப்பு) அமைக்காவிட்டால் 100 எம்பிபிஎஸ்ஸும் பத்தாது. ஒரே ஒரு கணினி விண்டோஸ் அப்டேட் இறக்க ஆரம்பித்தால் பிங், அதாவது பதில் வர ஆகும் நேரம், 20 மில்லிசெகண்டிலிருந்து 400க்கு ஏறி, வீடியோ அழைப்பு உறைந்துவிடும். ரூட்டரில் கேக் அல்லது எஃப்க்யூ-கோடெல் கியூவைப் போட்டு, அளந்த வேகத்தில் 90 சதவீதத்தில் வரம்பு வையுங்கள். அப்டேட்டையே அடக்கவும் வழி இருக்கிறது: விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற அமைப்பை உள் நெட்வொர்க்குக்குத் திறந்துவிட்டால், ஒரு கணினி இறக்கியதை மற்ற 19ம் அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். 1 ஜிபி அப்டேட்டுக்கு 20 ஜிபி செலவாகாது.

பழைய பாணியில் கேஷ் சர்வர் வைத்து வீடியோவைச் சேமிக்கலாம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். இணையம் கிட்டத்தட்ட முழுக்க எச்டிடிபிஎஸ் (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பு) ஆகிவிட்ட பிறகு அதனால் வீடியோவைச் சேமிக்க முடியாது. அதற்குப் பதில் ஒரு பழைய கணினியில், நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, தமிழ் விக்கிப்பீடியாவின் பிரதியையும், பாடநூல் பிடிஎஃப்களையும், தமிழில் உள்ள ஃபெட் அறிவியல் மாதிரிகளையும் போட்டு வையுங்கள். லைன் அறுந்த நாளிலும் வகுப்பு நடக்கும்.

ஆபாசத் தளங்களைத் தடுக்க, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவைக்கு 1.1.1.3 என்ற எண்ணை ரூட்டரில் போட்டு, வேறு டிஎன்எஸ்ஸுக்குப் போகும் 53ஆம் போர்ட்டை அடைத்துவிட்டால் பெரும்பகுதி நிற்கும். கெட்டிக்காரப் பிள்ளை சுற்றி வரும் வழியைக் கண்டுபிடிக்கும். அதற்கு வகுப்பில் ஆசிரியர் நடமாட்டம்தான் மருந்து.

பகிர்வது

பள்ளி இணைப்பை மாலையில் டியூஷன் மையத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு மறுவிற்பனை செய்வதற்குச் சாதாரண வீட்டுப் பிளானில் அனுமதி கிடையாது. முறைப்படி செய்ய மத்திய அரசின் பொது வைஃபை திட்டமான பிஎம்-வாணி இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற திட்டம். அதன்படி வைஃபை விற்கும் இடமான பொது டேட்டா அலுவலகம் நடத்த உரிமமோ பதிவோ கட்டணமோ வேண்டாம். அப்படி நடத்துவோருக்கு 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு இழைப் பிளான்களை, வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் ஆணையிட்டது. மாதம் 1,600 ரூபாய் இணைப்பை நான்கு டியூஷன் மையங்கள் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 400. ஒரே தெருவில் இருந்தால் இதைவிட மலிவான வழி இல்லை.

நோட்டும் விடுமுறையும்

ஓஎன்டிக்குப் பக்கத்துச் சுவரில் வாடிக்கையாளர் எண், ஓஎன்டி சீரியல், நல்ல நாளில் இருந்த ஆர்எக்ஸ் பவர், புகார் எண் ஆகிய நான்கையும் ஒட்டி வையுங்கள். திங்கள்தோறும் காலை 10.30க்குக் கம்பி வழி வேகமும் ஆர்எக்ஸ் பவரும் நோட்டில் ஏறட்டும். -19, -19, -21, -23 என்று இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ கனெக்டர் கெடுகிறது. முழுசாக நிற்பதற்கு முன்பே புகார் கொடுக்கலாம். “நெட் வரலை” என்று சொன்னால் லைன்மேன் வரிசையில் பத்தாவது ஆளாக வருவார். “போன மாசம் -19, இன்னைக்கு -26, லாஸ் விளக்கு சிமிட்டுது” என்று சொன்னால் ஸ்ப்ளைஸ் மிஷினோடு வருவார்.

கோடை விடுமுறையில் இரண்டு காரியம். மே மாத இடிக்கு முன் ஓஎன்டி, ரூட்டர், சுவிட்ச் எல்லாவற்றின் பிளக்கையும், வெளியிலிருந்து வரும் ஈதர்நெட்டையும் கழற்றி, சிறு பொருட்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். கழற்றிய இழை முனைக்கு மூடி போட மறக்க வேண்டாம். அடுத்தது பில். இரண்டு மாதம் கட்டாமல் விட்டால் இணைப்பையே நீக்கிவிடுவார்கள், ஜூன் முதல் வாரம் புது விண்ணப்பம், புது நிறுவல் கட்டணம் என்று தொடங்க வேண்டி வரும். வருடச் சந்தா கட்டினால் பல நிறுவனங்கள் ஒரு மாதத்தைச் சேர்த்தே கொடுக்கின்றன. அதை ஏப்ரலில் கட்டாமல் ஜூலையில் கட்டுங்கள், புதுப்பிக்கும் தேதி பள்ளி திறந்திருக்கும் நாளில் விழும்.